வாய்மொழிப் பரீட்சை

சித்திரை, வைகாசி மாதங்களில் பண்ருட்டிக் கடைத்தெருவில் நடப்பவர்க்கு மூக்கே வழிகாட்டும். அங்கே பலாப்பழம் குன்றுபோற் குவிந்து கிடக்கும். அவ்வூரில் தமிழ் கற்பிக்கும் நாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவனை அப்பழத்தின் பெயரைச் சொல்லச் சொன்னோம். "பலாப்பளம்" என்றான். எழுதச் சொன்னோம், ழகரம் இட்டுப் பிழையின்றி எழுதினான். பொதுப் பரீட்சைக்கு அதுவே போதும். அவனுடைய நா எந்நாளும் பரீட்சைக்கு வரப்போவதில்லை.

நம் மாகாணத்துப் பத்தாம் வகுப்பில் தமிழுக்குரிய 100 மார்க்கும் எழுத்துக்கே. விஞ்ஞானத்திற்கேனும் 25 மார்க்குச் செய்முறைக்கு உண்டு. மேல்நிலை வகுப்புகளில் தமிழுக்கு எழுத்து 90, அகமதிப்பீடு 10. அந்தப் பத்தும் வருகை, உள்தேர்வு, ஒப்படைப்பு முதலியவற்றிற்கே பங்கிடப்படுகிறது. பிள்ளை வாய் திறந்து ஒரு பாட்டைப் படித்துப் பொருள் சொன்னானா என்று கேட்பார் இல்லை.

இது நம் முன்னோர் வழக்கமன்று. இறையனார் களவியலின் உரை, எழுதப்படுவதற்கு முன்னே பல தலைமுறைகளாக ஆசிரியர் வாயினின்று மாணவர் செவிக்கு வந்ததென்று அந்நூலே கூறுகிறது. அரங்கேற்றம் என்பதுதான் யாது? நூலாசிரியன் சபை நடுவில் இருந்து, கேட்டவற்றிற்கெல்லாம் விடை கூறும் பரீட்சையே அல்லவா? 1871-ஆம் வருஷம் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள், தம்மை நாடி வந்த சாமிநாதையரிடம் காகிதம் நீட்டவில்லை. நைடதத்திலிருந்து பாட்டுச் சொல்லச் செய்தே அவரை அளந்தார். 1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக ஏற்குமுன் அங்குள்ள ஆசிரியர்களும் ஐயரை நேரில் வைத்தே பரீட்சித்தார்கள். பிற்காலத்தில் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த பெரியார், வாய்மொழிப் பரீட்சையில் தேறியே உத்தியோகம் பெற்றார்.

இன்று தமிழுக்கு அந்தப் பரீட்சையைக் காண வேண்டுமானால் கடல் கடக்க வேண்டும். சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் தமிழுக்குரிய 200 மார்க்கில் 50 வாய்மொழிக்கு. பிள்ளை ஒரு பகுதியை உரக்கப் படிக்க வேண்டும். திரையில் ஒரு காட்சியைக் கண்டு அதைப் பற்றி உரையாட வேண்டும். வீட்டிலே தமிழ் தேய்ந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு; நமக்கோ அந்த அச்சமும் இல்லை!

ஆட்சேபம் இல்லாமல் இல்லை. 40 பிள்ளைகளுக்குத் தலைக்கு 5 நிமிஷமென்றாலும் 200 நிமிஷமாகும். அது பெரிதன்று. எழுத்துப் பரீட்சையில் பெயரை மறைத்தே விடைத்தாளைத் திருத்துகிறார்கள். ஏழைப் பிள்ளைக்கு அது ஒரு கோட்டை. நேரில் நிற்கும்போதோ அவனுடைய கிழிந்த சட்டையும் ஊரும் ஜாதியும் பரீட்சகர் கண்முன் நிற்கும். இதை அற்பமென்று தள்ளுவோர் நம் கிராமங்களை அறியாதவர். ஆகவே பரீட்சகர் இருவராக வேண்டும். ஒருவர் வேற்றூர்ப் பள்ளியினராக வேண்டும். பிள்ளையின் குரலைப் பதிந்து வைக்கவும் வேண்டும். அவ்வளவும் செய்ய இயலாதெனில், 10 மார்க்குக்கு மேல் கேட்க நமக்கே துணிவில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். முந்திரிக் கொட்டை உடைக்கும் வீட்டுச் சிறுமி ஒருத்தி நம் வகுப்பில் இருந்தாள். அவள் பேசுந்தோறும் இடைமறித்துத் திருத்தினோம். ஒரு மாதத்தில் அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். தவறு நம்முடையதே. செய்யுளைப் படிக்கும்போது ழகரம் வழுவலாகாது. தன் வீட்டுக் காரியத்தைச் சொல்லும்போது வீட்டுப் பேச்சே வரட்டும். இவ்விரண்டையும் வேறு பிரிக்க நமக்குப் பல வருஷங்கள் ஆயின.

பின்னர் ஒருநாள், கொட்டையின் பால் பட்டுக் கை புண்ணாகாமல் உடைப்பது எவ்வாறென்று அவளையே கேட்டோம். சாம்பல் பூசுவதிலிருந்து தொடங்கிக் கால் மணி நேரம் சொன்னாள். வகுப்பு முழுவதும் வாய் மூடிக் கேட்டது. அரையாண்டுப் பரீட்சையில் அவள் கட்டுரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அடுத்த நாள் அவள் சொன்னவற்றையே எழுதி வரச் சொன்னோம். இரண்டு பக்கம் வந்தது. அதில் எழுத்துப்பிழை பதினொன்று. அவற்றை இப்போது ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறோம்.