புள்ளியும் காற்புள்ளியும்

நெடுங்கேணியில் 1.500 என்று எழுதினால் ஒன்றரை. ஜேர்மனிக்குப் போன உறவுக்கு அது ஆயிரத்து ஐந்நூறு. அங்குள்ள விசைப்பலகையின் எண்பகுதியில், நாம் தசமப்புள்ளி தட்டும் இடத்தில் காற்புள்ளிதான் இருக்கும். அங்கே தட்டிய 12,50 ஐ அப்படியே வெட்டி இங்குள்ள எக்செல்லில் ஒட்டினால் அது 1250 ஆகிவிடக்கூடும். கோயில் திருப்பணிக் கணக்கில் நூறு மடங்கு பிழை சின்ன விசயமல்ல.

கணினியின் பிராந்திய அமைப்பையே மாற்றினால் தீர்ந்தது என்பார்கள். தீராது. அந்த மாற்றம் ஒரு கோப்போடு நிற்காமல் மற்ற மென்பொருள்களையும் தொடும். ஜேர்மனியில் இருப்பவர் அங்குள்ள தன் கணக்கை யூரோவில் காற்புள்ளியோடுதானே எழுதவேண்டும்? லிப்ரேஆபிஸ் போன்றவற்றில் எண்பகுதியின் அந்த ஒரு விசை என்ன தரவேண்டும் என்பதை மென்பொருளுக்குள்ளேயே தீர்மானிக்கலாம், அதுவே மேல். எது சரி என்ற சண்டையும் வீண். எடைகள், அளவைகள் பற்றிய சர்வதேசப் பொதுமாநாடு 2003 இல் இரண்டையுமே ஏற்றது. ஆயிரங்களைப் பிரிக்க மட்டும் இரண்டுமே வேண்டாம், இடைவெளி போதும் என்றது. கணக்கு அனுப்புகிறவர்கள் ஆயிரத்துக்குக் குறி போடுவதை முதலில் நிறுத்துங்கள்.