சரண்ஜித் சிங் யாருக்கும் முன்னோடி அல்லர்

சென்ற மாதம் பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கில், தெற்காசிய வெகுசன இசை குறித்த அமர்வொன்றில் பார்வையாளராக இருந்தேன். உரையாளர், சரண்ஜித் சிங்கின் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ இசைத்தட்டிலிருந்து ஏறத்தாழ 20 நொடிகளை ஒலிக்கவிட்டு நிறுத்தினார். ‘சிகாகோவுக்கு முன்பே ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்’ என்ற வரி திரையில் தோன்றியது. அரங்கம் கைதட்டியது. கேள்வி நேரத்தில் நான் ஒன்றைத்தான் கேட்டேன்: இப்போது ஒலித்தது எந்த ராகம்? உரையாளருக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமன்று. ஆனால், ‘அது இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது’ என்று அவர் சொன்ன விடையைத்தான் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. பத்து ராகங்கள் என்று தலைப்பிலேயே அறிவிக்கும் ஓர் இசைத்தட்டைப் பற்றிய ஆய்வில் ராகம் வரம்புக்கு வெளியே நிற்கிறது. சிகாகோ உள்ளே அமர்ந்திருக்கிறது.

அறியாதவர்களுக்காகச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரண்ஜித் சிங் மும்பைத் திரையிசைக் கூடங்களில் பல்லாண்டுகள் உழைத்த வாத்தியக் கலைஞர். ஆர்.டி. பர்மன் உள்ளிட்ட இசையமைப்பாளர்களின் குழுக்களில் பேஸ் கிட்டாரும் விசைக்கருவிகளும் வாசித்தவர். 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை, அதாவது ஜூபிடர்-8 சிந்தசைசர், டிபி-303 பேஸ் கருவி, டிஆர்-808 தாளக் கருவி ஆகியவற்றை இணைத்து, தனியொருவராக எச்.எம்.வி.க்காக இந்த இசைத்தட்டைப் பதிவு செய்தார். பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக்மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நிமிடம். தட்டு விற்கவில்லை. 2002-இல் எடோ போமன் என்ற டச்சுச் சேகரிப்பாளர் டெல்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, 2010-இல் மறுவெளியீடு செய்தார். அதன் பிறகே உலகம் வியந்தது. யாரோ ஓர் ஐரோப்பியக் கலைஞர் செய்த குறும்பு இது என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். மும்பைக்காரர் ஒருவர் 1982-இல் இப்படி யோசித்திருக்க முடியும் என்பதைவிட, ஐரோப்பியர் ஒருவர் ஏமாற்றுகிறார் என்பது அவர்களுக்கு நம்பத் தகுந்ததாக இருந்தது. இந்த ஐயத்தையும் நம் ஆய்வாளர்கள் ஒரு பெருமையாகவே மேற்கோள் காட்டுகிறார்கள்.

‘முன்னோடி’ என்ற சொல்லை எதிர்ப்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, அது வரலாற்றுப் பிழை. சிகாகோவில் ஃப்யூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ 1987-இல் வெளிவந்தது. அந்த இளைஞர்கள் சரண்ஜித் சிங்கைக் கேட்டதில்லை, கேட்டிருக்க வழியுமில்லை. டிபி-303 சந்தையில் தோற்று, 1984-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டு, பழைய பொருளாக மலிவாகக் கிடைத்தது. ஒரே சுரக்கோவை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்க, அதன் வடிகட்டிக் குமிழ்களைத் திருகித் திருகி ஒலியைக் கதறவைத்ததுதான் அவர்களுடைய கண்டுபிடிப்பு. அதை வளர்த்தெடுத்தவை சிகாகோவின் கறுப்பின, தற்பாலீர்ப்பாளர் நடன அரங்குகள். அந்த மக்களின் இரவுகள் இல்லாமல் அந்த இசை இல்லை. சிங்கைக் ‘கண்டுபிடிப்பாளர்’ ஆக்கும்போது நாம் அவருக்குப் பட்டம் தருவதோடு நிற்கவில்லை. ஒடுக்கப்பட்ட இன்னொரு சமூகத்தின் படைப்பை நம் தேசியப் பெருமைக் கணக்கில் வரவு வைக்கிறோம். ஒவ்வொரு எழுத்தாளரும் தம் முன்னோடிகளைத் தாமே உருவாக்கிக்கொள்கிறார் என்று காஃப்கா பற்றிய கட்டுரையில் போர்ஹெஸ் வாதிட்டார். அக்கட்டுரையைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் நாமே, சிங்கை முன்னோடியாக்கியது 1987-க்குப் பிறகு பழகிப்போன காதுகள்தாம் என்பதைக் காண மறுக்கிறோம்.

இரண்டாவது, அது இசையைக் கேட்கவிடாமல் செய்கிறது. திரைப்படங்களில் டிஸ்கோ நிறைந்திருந்த காலம் அது; அந்தத் தாளத்தையே வைத்து ராகங்களை வாசித்து, தபலாவை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியதாகச் சிங் பின்னாளில் நேர்காணலில் சொன்னார். இந்த எளிய விளக்கத்தில் ஒரு துல்லியமான இசைச் சிக்கல் அடங்கியிருக்கிறது. தாளச் சுழற்சியை எடுத்துவிட்டு, ஏற்ற இறக்கமற்ற நான்கடித் துடிப்பை வைத்தால் ராகம் நிற்குமா? தம்பூராவின் இடத்தில், ஆதார சட்ஜத்தைச் சுற்றிச் சுற்றி வரும் ஒரு பேஸ் கோவையை வைக்கலாமா? டிபி-303-இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. கிட்டார்க்காரரின் பேஸ் துணைக்காக வடிவமைக்கப்பட்ட அந்த வசதி, மீண்ட் என்று வடக்கிலும் ஜாரு என்று தெற்கிலும் சொல்லப்படும் அசைவுக்கு எவ்வளவு தூரம் ஈடுகொடுக்கும்?

இந்தக் கேள்விகளோடு கேட்டால் பத்தும் ஒரே தரத்தில் இல்லை என்பது புலப்படும். பூபாலி, மால்கௌன்ஸ், கலாவதி, பைராகி ஆகிய நான்கும் ஐந்து சுர ராகங்கள்; நம் மோகனம், ஹிந்தோளம், வலஜி, ரேவதி. சுரங்களுக்கிடையே இடைவெளி அகலமாக இருப்பதால், பன்னிரண்டு நிலைச் சுரங்களுக்கு இசைவிக்கப்பட்ட கருவியிலும் இவற்றின் முகம் தெளிவாகவே தெரிகிறது. லலித்தில் இரு மத்திமங்களும் அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் உராய்வு மின்னொலியில் இன்னும் கூர்மை பெறுகிறது. தோடியில்தான் (நம் சுபபந்துவராளிக்கு நெருக்கமான இந்துஸ்தானித் தோடி) கருவி தடுமாறுகிறது. அந்த ராகத்தின் உயிர், தாழ்ந்து குழைந்து ஒலிக்கும் காந்தாரத்தில் இருக்கிறது. விசைப்பலகைக்கு அந்தக் குழைவு வசப்படவில்லை. இது என் செவியின் தீர்ப்பு. மறுப்பவர்கள் மறுக்கலாம், மறுப்பு வந்தால் மகிழ்வேன். ஆனால் அப்படியொரு விவாதம் நடப்பதற்கே ‘முன்னோடி’ என்ற பட்டம் இடந்தரவில்லை. முன்னோடி என்று ஆன பிறகு அவர் வெற்றி பெற்றாரா, தோற்றாரா என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது காரணமே எனக்கு முதன்மையானது. அந்தச் சொல் உழைப்பை மறைக்கிறது. டிபி-303, பேஸ் வாசிப்பவர் இல்லாத குறையை நிரப்பச் செய்யப்பட்ட கருவி. சரண்ஜித் சிங் பேஸ் வாசித்துப் பிழைத்தவர். தம்மைப் போன்றவர்களின் இருக்கையை நிரப்பவந்த இயந்திரத்தைத் தாமே விலை கொடுத்து வாங்கி, அதனோடு அமர்ந்து பத்து ராகங்களை வாசித்திருக்கிறார். அந்நாளில் திரைப்பாடல் பதிவென்றால் பல பத்து வாத்தியக்காரர்கள் ஒரே கூடத்தில் கூடுவார்கள். இந்த இசைத்தட்டில் ஒருவர் மட்டுமே இருக்கிறார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மும்பையிலும் சென்னையிலும் அந்தக் கூடங்கள் எப்படி வெறிச்சோடின என்பதை அறிந்தவர்கள், ‘தபலாவை நிறுத்தினேன்’ என்பதை அழகியல் முடிவாக மட்டும் படிக்க மாட்டார்கள். நிறுத்தப்பட்ட தபலாவுக்குப் பின்னால் ஒரு மனிதரும் அவருடைய அன்றாட ஊதியமும் இருந்தன. சிங் இதை எப்படி உணர்ந்தார்? ஆவலோடா, அச்சத்தோடா, இரண்டும் கலந்தா? கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுவே. 2010-இல் அவர் பெயர் உலகெங்கும் பேசப்பட்டது. 2015-இல் அவர் மறைந்தார். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் ஐரோப்பிய விழா அரங்குகள் அவரை அழைத்தன. நம் பல்கலைக்கழகங்களின் இசைத்துறைகளும் பண்பாட்டு ஆய்வுத்துறைகளும் எத்தனை முறை ஒலிப்பதிவுக் கருவியோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டின?

இதைப் பெங்களூரிலிருந்து எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. இந்தியாவின் டிஸ்கோ அலையை எழுப்பியவர்களில் ஒருவரான பித்து இந்நகரில் பிறந்து இங்கே கிட்டார் வாசித்துத் திரிந்தவர். லண்டன் சென்று, 1980-இல் ‘குர்பானி’ படத்துக்காக ஒரு பாடலையும், 1981-இல் நாசியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’ இசைத்தட்டையும் உருவாக்கினார். சிங் ‘டிஸ்கோ’ என்றபோது அவர் காதில் இருந்தது இந்த அலைதான். இதே நகரில்தான், எச்.ஏ.எல்.லில் பொறியாளராக இருந்த புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ் நாராயண், ராடெல் என்ற பெயரில் மின்னணுத் தம்பூராவையும் சுருதிப்பெட்டியையும் தாளக் கருவியையும் உருவாக்கிப் பரப்பினார். இன்று மல்லேசுவரத்திலோ மயிலாப்பூரிலோ அத்தகைய ஒரு பெட்டி இல்லாத கச்சேரி மேடையைக் காண்பது அரிது. அதை யாரும் மின்னணு இசை என்று சொல்வதில்லை, அது சம்பிரதாயம். சட்ஜ பஞ்சமத்தை ஒலிக்கும் மின்சுற்று மேடையில் பாடகருக்குப் பின்னால் அடக்கமாக இருந்தால் மரபு. அதே மின்சுற்று முன்னால் வந்து ராகத்தை வாசித்தால் கேளிக்கை. சிங்கின் தட்டைச் செவ்வியல் உலகம் பொருட்படுத்தாமல் விட்டதற்கு இந்த இரட்டை நியாயத்துக்கும் பங்குண்டு என்பது என் வாசிப்பு. ஆகவே என் குற்றச்சாட்டு சிகாகோ மயக்கத்தில் இருப்பவர்கள்மீது மட்டுமன்று. ராகத்தைக் கேட்கத் தெரிந்தும் காதைப் பொத்திக்கொண்டவர்கள்மீதும்தான்.

இது ஒரு தட்டோடு நிற்கும் கதையுமன்று. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக்கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியக் கலைஞர்கள் அங்கே உருவாக்கிய ஒலிநாடாக்கள், பிரிட்டன் கலைஞர் பால் பர்கஸின் முயற்சியால் 2023-இல் இசைத்தட்டாக வெளிவந்தன. தமிழில் ‘புன்னகை மன்னன்’ (1986) கணினித் துணையோடு இசையமைக்கப்பட்ட படம் என்று ஓயாமல் நினைவுகூர்கிறோம். இளையராஜா அந்தக் கருவியிடம் எதைக் கேட்டுப் பெற்றார், எதைத் தர மறுத்தார், வாத்தியக் குழுவுக்கு அப்போது என்ன நேர்ந்தது என்பவற்றைச் சுரக்குறிப்போடும் சாட்சியங்களோடும் விவாதிக்கும் எழுத்தை விரல்விட்டு எண்ணலாம். ‘முதன்முதலில்’ என்ற சொல் கிடைத்ததும் நம் ஆர்வம் தணிந்துவிடுகிறது.

எனக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. ஆசிட் ஹவுஸ் என்ற அடையாளம் இல்லாதிருந்தால் இந்தத் தட்டு மறுவெளியீடு கண்டிருக்குமா? நீயே அந்த வழியாகத்தானே இதைக் கேட்டாய்? ஆம், அந்த வழியாகத்தான் கேட்டேன். தூசி படிந்த பிரதியை எடுத்து உலகுக்குத் தந்த சேகரிப்பாளருக்கு நன்றிக்கடன் உண்டு. தட்டு விற்க ஒரு விளம்பர வரி தேவைப்பட்டதிலும் தவறில்லை. ஆனால் விளம்பர வரி ஆய்வேட்டின் கருதுகோளாக மாறுவதற்கு வணிகர் பொறுப்பல்லர், நாம்தான் பொறுப்பு. வாசல்வரை அழைத்துவந்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டியவர்கள், வாசலிலேயே நின்றுகொண்டு கட்டுரை எழுதுகிறோம்.

ஆய்வு மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த இசைத்தட்டைப் பற்றிப் பேச மேடை ஏறினால், 20 நொடிகளில் நிறுத்தாதீர்கள். ஒரு ராகத்தை முழுதாக 5 நிமிடமும் ஒலிக்கவிடுங்கள். அதன் பெயரைச் சொல்லுங்கள். எங்கே கருவி ராகத்துக்கு வளைந்தது, எங்கே ராகம் கருவிக்கு வளைந்தது என்று காட்டுங்கள். பிறகு உங்கள் ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் பழைய பதிவுக்கூட வாத்தியக்காரர் ஒருவரைத் தேடிப் போய், இந்த இயந்திரங்கள் வந்த நாளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கெல்லாம் வயதாகிக்கொண்டிருக்கிறது. சிகாகோ வரலாற்றை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.