விசுவாசமும் தீர்க்காயுளும்

ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரங்களில், புதுக்கோட்டைச் சீமையின் சாலைகளில் காவி உடுத்தி, மாதாவின் சுரூபம் வைத்த சிறு வண்டியொன்று முன்னே செல்ல, வேளாங்கண்ணியை நோக்கிக் கால்நடையாகப் போகும் கூட்டத்தாரை வல்லத்திராக்கோட்டை முதலிய ஊர்களில் வாழும் எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆகஸ்டு 29-ஆம் தேதி கொடியேறி, செப்டம்பர் 8-ஆம் தேதி நிறைவெய்தும் அத்திருவிழாவுக்குச் செல்வோரில் கிறிஸ்தவர் யார், ஏனையோர் யார் என்று பிரித்தறிவது எளிதன்று. அங்கே கோயில் கொண்டிருப்பவள் ஆரோக்கிய மாதாவாதலாலும், நோய்க்கு மதபேதம் இல்லையாதலாலும், அவளுக்கு நேர்ந்துகொள்வோரிடத்திலும் அப்பேதம் இல்லாது போயிற்று. பிள்ளைக்குக் கண்நோய் என்றால் தகட்டில் அடித்த கண்ணும், தகப்பனுக்குக் கால் வீக்கம் என்றால் தகட்டில் அடித்த காலும் காணிக்கையாகச் செலுத்திவிட்டு, ஊர் திரும்பியதும் அதே காலைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் வரிசையில் நிற்பதில் எவருக்கும் எவ்விதக் கூச்சமும் இருந்ததில்லை. நம் ஜனங்களுடைய இந்தப் பழைய வழக்கத்தில் பரிகசிக்கத்தக்கது ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் சமீப காலத்தில் வேறொரு போதனை பரவி வருகிறது. மெய்யான விசுவாசிக்கு வியாதி வராது, வந்தால் விசுவாசத்தில் குறையுண்டு, குறை தீர்ந்தால் மருந்து வேண்டாம், ஆயுளும் நீளும் என்பது அதன் சாரம். சுகமளிக்கும் கூட்டம் என்று சுவர்தோறும் ஒட்டப்படும் விளம்பரங்களிலே பாதி சொல்லப்பட்டும், மேடையிலே முழுதும் சொல்லப்பட்டும் வருகிற இக்கருத்து, வைத்திய சாஸ்திரத்துக்கு விரோதமானது என்பதைக் காட்டிலும், கிறிஸ்தவ சமயத்துக்கே விரோதமானது என்பதுதான் என் அபிப்பிராயம். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவத்தின் பலன் என்று வினவியபோது, இவனுடையதுமன்று, இவனைப் பெற்றோருடையதுமன்று என்று இயேசு மறுத்ததாக யோவான் சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரம் கூறுகிறது. தம் சரீரத்தில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை வேண்டியும் அது நீங்காமலே ஊழியம் செய்தவர் பவுல் அப்போஸ்தலர்; அவருடைய பிரயாணங்களில் உடனிருந்த லூக்கா ஒரு வைத்தியர்; வயிற்றுக் கோளாறுடைய தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் கூறியது, கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடு என்பதேயன்றி, உன் விசுவாசத்தைச் சோதித்துப் பார் என்பதன்று. (இந்த ஒரு வசனத்தை மட்டும் டாஸ்மாக் கடை வாசலில் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் நம்மில் உண்டு என்பது தனி விஷயம்.)

விசுவாசத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள சம்பந்தத்தை அறிய விரும்புவோர் கொல்லிமலைக்குப் போய்ப் பார்க்கலாம். ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் பிராண்டு என்னும் ஆங்கிலத் தம்பதியர் 1913-இல் மணம் புரிந்துகொண்டு அம்மலையில் குடியேறினர். கணவர் ஜெஸ்ஸி கட்டிடத் தொழில் தெரிந்தவர். மருத்துவத்தில் அவர் பெற்றிருந்தது ஏதோ சிறிது காலப் பயிற்சியே. எனினும் பல் பிடுங்குவதும், புண் கட்டுவதும், பிரசவத்துக்கு ஓடுவதும் அவ்விருவர் தலையிலே விழுந்தன. அக்காலத்தில் நரம்புச் சிலந்தி என்னும் வியாதி மலையிலும் சமவெளியிலும் ஜனங்களைப் படுத்திய பாட்டை இன்றைய இளைஞர்கள் அறியார்கள். இரண்டு மூன்று அடி நீளமுள்ள புழு காலின் தோலுக்குக் கீழே குடியிருந்து, கொப்புளத்தை உடைத்துக்கொண்டு தலைநீட்டும். அதனை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக, அறுந்துபோகாமல் இழுத்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் உள்ளே தங்கிய பகுதி சீழ் பிடித்துக் காலையே முடமாக்கிவிடும். புண்ணுள்ளவர் இறங்கி நீர் மொள்ளும் கிணற்றிலும் குட்டையிலும் அதன் வித்து விழுந்து, அந்நீரைக் குடிப்போர் வயிற்றின் வழியாக மீண்டும் உடலேறும் என்பதை அறிந்த ஜெஸ்ஸி, குச்சியில் புழுவைச் சுற்றியதோடு நில்லாமல், கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புவதிலும் கருத்தைச் செலுத்தினார். இந்தியா முழுவதும் அவ்வியாதி ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ஆம் ஆண்டில். அதற்கு வழிசெய்ததும் பெரும்பாலும் அதே உபாயம்தான், நீரைக் காத்ததும் வடிகட்டியதும்.

அந்த ஜெஸ்ஸி 1929-இல், தம் நாற்பத்து நான்காம் வயதில், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சலால் அம்மலையிலேயே இறந்தார். அவருடைய மனைவி எவலினோ, எழுபது வயதை அடுத்து மிஷன் சங்கத்தார் ஓய்வு கொடுத்து ஊழியத்தினின்று விடுவித்த பின்னும் தாமாகவே மலைக்குத் திரும்பி, குதிரையேறிக் குக்கிராமங்களுக்கெல்லாம் சென்று, 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் கண்மூடிக் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஒரே வீடு, ஒரே வேதபுத்தகம், முழந்தாளிட்டுச் செய்த ஜெபமும் ஒன்றே. ஒருவருக்கு நாற்பத்து நான்கு, மற்றவருக்குத் தொண்ணூற்றைந்து. மனைவியைவிடக் கணவருக்கு விசுவாசம் பாதிக்கும் குறைவு என்று கணக்குச் சொல்ல எந்தப் பிரசங்கிக்கு நா எழும்? கொசுவுக்கு விசுவாசப் பிரமாணம் தெரியாது.

அவர்களுடைய குமாரர் பால் பிராண்டு 1914-இல் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் என்றால் தெய்வ கோபம் என்று ஹிந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒருமித்து நம்பிவந்த ஒரு விஷயத்தில், விரல்கள் அழுகி விழுவது நோயினால் நேரே அன்று, உணர்ச்சி மரத்துப்போனதால் சூடும் கூரும் தெரியாமல் காயம் படுவதாலேயே என்பதை அவர் நிலைநாட்டினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையை வளர்த்து, கையை நீட்டவே கூசி நின்றவர்களை மண்வெட்டி பிடிக்கவும் பேனா பிடிக்கவும் செய்தார். அவர் பணி செய்த அந்த வேலூர் ஸ்தாபனம், ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ விசுவாசம் எவருடைய ஆயுளை நீட்டியது என்று கேட்பவருக்கு என் விடை இதுதான்: விசுவாசித்தவருடைய ஆயுளைவிட, அவர்களுடைய வாசலுக்கு வந்து நின்ற அயலாருடைய ஆயுளையே அது அதிகம் நீட்டியிருக்கிறது.

ஆயினும் கோயிலுக்குப் போகிறவர்கள் சற்று நெடுநாள் வாழ்கிறார்கள் என்பதற்கும் அத்தாட்சி இல்லாமலில்லை. அதை மறைப்பது நேர்மையாகாது. கலிபோர்னியாவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையாரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்ததில், அச்சபையின் ஆடவர் மற்றக் கலிபோர்னியரைக் காட்டிலும் ஏறக்குறைய 7 ஆண்டும், பெண்டிர் 4 ஆண்டுக்கு மேலும் கூடுதலாக வாழ்வதாகத் தெரியவந்தது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை: அவர்களுள் பெரும்பாலோர் புகையும் மதுவும் தொடுவதில்லை, பலர் மாமிசம் உண்பதில்லை, வாரத்தில் ஒருநாள் வேலையை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். பண்டிகை என்றால் ஆட்டுக்கறி இல்லாமல் விடியாத நம்மூர்க் கிறிஸ்தவ வீடுகளுக்கு அந்தப் பலன் வெறும் ஞானஸ்நானத்தால் மட்டும் கிட்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அமெரிக்கச் செவிலியர் 74,534 பேரைப் பற்றி 2016-இல் வெளியான ஆராய்ச்சியோ, வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வழிபாட்டுக்குச் செல்பவர்களிடையே மரண விகிதம், ஒருபோதும் செல்லாதவர்களைவிட 33 சதவீதம் குறைந்திருப்பதைக் கண்டது. இதில் ஏறத்தாழ நான்கிலொரு பங்குக்குக் காரணம், விசாரிக்க நாலுபேர் இருந்தது என்பது ஆராய்ந்தவர்களின் கணிப்பு. புகைபிடிக்காமை ஏறக்குறைய அதே அளவு. மனச்சோர்வின் குறைவு அதற்கடுத்தபடி.

மற்றொரு பரிசோதனையும் உண்டு. இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கி, அவர்களுள் இரு பிரிவினருக்காக அந்நியர் ஜெபிக்கும்படி ஏற்பாடு செய்து பார்த்ததன் முடிவு 2006-இல் வெளிவந்தது. தமக்காக ஜெபம் நடக்குமோ நடக்காதோ என்று அறியாதிருந்த இரு பிரிவினருள் ஜெபிக்கப்பட்டோரில் 52 சதவீதத்தினருக்கும், ஜெபிக்கப்படாதோரில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. ஜெபம் நடப்பது உறுதி என்று சொல்லப்பட்டிருந்தவர்களிலோ 59 சதவீதத்தினருக்கு நேர்ந்தன. இதைக் கொண்டு ஜெபம் வீண் என்று நாஸ்திகர் கூத்தாட வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவர் எங்கிருந்தோ பட்டியலைப் பார்த்து உச்சரிக்கும் பெயரும், கட்டிலோரம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சொல்லும் ஜெபமும் ஒன்றல்ல. ஆனால் ஜெபத்தை மாத்திரையைப்போல் இத்தனை வேளை என்று அளந்து கொடுக்கலாம் என்று நினைப்பவருக்கு அந்தக் கணக்கு ஒரு தடைதான்.

கத்தோலிக்க வீடுகளில் முன்னெல்லாம் அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியாரை அழைப்பதென்றால், மூச்சு அடங்கும் தறுவாய்வரை தள்ளிப்போடுவார்கள். அவர் படியேறிவிட்டால் நோயாளி பிழைக்கமாட்டார் என்று அதையே அபசகுனமாக எண்ணினார்கள். 1972-இல் ரோமாபுரி அச்சடங்கைத் திருத்தி, கடும் நோயுற்றோர் எவரும், மூப்பினால் தளர்ந்தோரும் பெற்றுக்கொள்ளலாம் என்று ஆக்கியது. மரணத்துக்கு முன்னறிவிப்பாக இருந்த எண்ணெய் நோயாளிக்கு ஆறுதலாக மாறியதை நான் மிகச் சிறந்த சீர்திருத்தமாகவே கருதுகிறேன். அதில் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்ற சொல் எங்கும் இல்லை.

நம் கிராமங்களில் இப்போது உயிரைக் குடிப்பவை பெரும்பாலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். இவற்றில் வலி தெரியாது. மாத்திரையை நிறுத்தினாலும் சில நாட்கள் ஒன்றும் ஆகாது. அந்தச் சில நாட்களையே சுகம் கிடைத்ததற்குச் சாட்சியாக மேடையில் ஏறிச் சொல்லிவிட்டு, பிறகு ஆறாத கால்புண்ணோடும் பழுதுற்ற சிறுநீரகத்தோடும் திரும்புகிறவர்களை எந்த மேடையும் மறுபடி அழைப்பதில்லை. மாயமந்திரத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954 முதல் இந்நாட்டில் இருக்கிறது. சுவரொட்டிகளைக் காணும்போது அப்படியொரு சட்டம் இருப்பதாகத் தோன்றவில்லை.

சட்டத்தை நம்பியிராமல் கோயில்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், 2021 ஆகஸ்டு முதல் அரசின் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் வேலைக்காட்டுக்கும் கடலைக் கொல்லைக்கும் போய்விட்டவர்களை அவர்கள் பார்ப்பது கடினம். ஞாயிறு பூசை முடிந்து வெளிவருகிற கூட்டமோ தானே ஓரிடத்தில் நிற்கிறது. அந்நேரத்தில் கோயில் முற்றத்து மரத்தடியில் ஒரு மேஜையைப் போட்டு, ஊருக்கு ஒருவராவது இருக்கிற ஓய்வுபெற்ற நர்சையோ, பழகிக்கொண்ட உபதேசியாரையோ உட்காரவைத்து, கிறிஸ்தவர், அல்லாதவர் என்று பாராமல் வருகிறவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்த்துச் சீட்டில் குறித்துக் கொடுக்கலாம்; மாத்திரையை நிறுத்திவிட்டவரைப் பெயர்சொல்லி விசாரிக்கலாம்; ஜெபம் வேண்டுமென்று கேட்பவருக்கு அதே இடத்தில் ஜெபமும் சொல்லலாம். கருவியின் விலை இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய். திருவிழாவில் நாம் கொளுத்தும் வாணத்தில் ஒரு சரத்தைக் குறைத்தால் போதும்.