முதலாளிக்கு நஷ்டஈடு!

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும் 'பணம் யார் கைக்குப் போச்சு?' என்றுதான் தேடுவான். அப்படித் தேடியபோது ரத்தம் கொதித்த கணக்கு இது.

1833-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. நஷ்டஈடாக 2 கோடி பவுண்ட் ஒதுக்கியது. யாருக்கு? கரும்புத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துச் செத்த அடிமைகளுக்கா? சேச்சே! 'சொத்து பறிபோகிறதே' என்று கண்ணைக் கசக்கிய முதலாளிகளுக்கு! அடிமைகளுக்குக் கிடைத்ததோ, 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை கட்டாய வேலை.

நஷ்டஈட்டை வாரிக்கொண்டவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். லிவர்பூல் வியாபாரி, எம்.பி. நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. இன்றைய கயானாவில் இருக்கும் டெமராராவிலும், ஜமைக்காவிலும் அவருக்குத் தோட்டங்கள். ஒருநாள்கூட அங்கே எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் 2,508 மனிதர்களுக்கு விலையாக 1,06,769 பவுண்ட் வாங்கிக்கொண்டார்.

'அந்தக் காலத்தில் அப்படித்தான் சார், இன்றைய நியாயத்தை வைத்து எடை போடக் கூடாது' என்று வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்தக் காலம் என்றால், யாருடைய காலம்? 1823-ல் இதே கிளாட்ஸ்டனின் 'சக்சஸ்' தோட்டத்தில்தான் கலகம் வெடித்தது. தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ஜாக் கிளாட்ஸ்டன். ஆமாம், அடிமைக்கும் முதலாளியின் பெயர்தான்! அவருடைய அப்பா குவாமினா, ரத்தம் சிந்த வேண்டாம் என்று மன்றாடியவர். அவரைச் சுட்டுக் கொன்று, பிணத்தை அந்தத் தோட்டத்தின் முன்னாலேயே தொங்கவிட்டார்கள். குவாமினாவும் அதே காலத்து மனிதர்தானே? அவருக்குத் தெரிந்த நியாயம், லிவர்பூலில் சொகுசாக உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் தெரியாமல் போச்சா?

கதை இதோடு முடியவில்லை. கறுப்பர்களை நம்பியிருக்கக் கூடாது என்று முடிவு கட்டிய கிளாட்ஸ்டன், 1836-ல் கல்கத்தா கம்பெனி ஒன்றுக்குக் கடிதம் போட்டார்: கூலிகள் வேண்டும்! சரக்குக்கு ஆர்டர் கொடுப்பது மாதிரி. 1838 மே மாதம் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்களில் சுமார் 400 இந்தியர்கள் கயானாவில் இறங்கினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். கசையடிப் புகார்கள் லண்டன் வரை போய் நாறின. கொஞ்ச காலம் ஏற்றுமதி நின்றது. 1845-ல் மறுபடி ஆரம்பம். இந்த முறை மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல் கிளம்பியது. கயானாவில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அந்தக் கப்பல்களில் நம்மூர் ஜனங்களோடு போன சாமி அது.

1851-ல் கிளாட்ஸ்டன் செத்தபோது, அவர் வெறும் வியாபாரி அல்ல... 'சர்' பட்டம் வாங்கிய பெரிய மனிதர்!

2023-ல் அவருடைய வாரிசுகள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். நல்லது, பாராட்டலாம். ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். முதலாளிகளுக்குக் கொடுப்பதற்காக பிரிட்டிஷ் அரசு வாங்கிய கடன், முழுசாக அடைந்தது 2015-ல்தான். அதுவரை வரி கட்டியவர்களில், அந்த அடிமைகளின் பேரப் பிள்ளைகளும் உண்டு.

அடிமைப்படுத்தியவனுக்கு நஷ்டஈடு, அதற்கு வரி கட்டியது அடிமையின் வாரிசு. 'பழைய கதையைக் கிளறாதே' என்கிறார்களே... பாக்கி வைத்திருப்பவன்தான் எப்போதும் பழைய நோட்டைப் புரட்ட வேண்டாம் என்பான்!