சட்டகம் காத்தருளுமா?

இணையச் செயலிகளை ஆக்குவோரிடையே ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியுள்ளது. றூபி ஒன் றெயில்ஸ், ஜாங்கோ முதலிய சட்டகங்களுள் ஒன்றைக் கைக்கொண்டு சேவையக நிரலை எழுதுபவர் பாதுகாப்புப் பற்றிக் கவலையுற வேண்டியதில்லை, அதனைச் சட்டகமே பார்த்துக்கொள்ளும் என்பதே அது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அவ்வுண்மை எதுவரை செல்லும் என்பதை வினவுவோர்தாம் அரியர்.

சட்டகங்களால் விளைந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. பயனர் எழுதும் உரையிற் பொதிந்த குறிகள் பக்கத்திற் கட்டளைகளாக இயங்கிவிடாது தடுக்கும் பணியை ஜாங்கோ 2008 இல் வெளிவந்த முதலாம் பதிப்பிலும் றெயில்ஸ் 2010 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலும் தாமாகவே செய்யத் தொடங்கின. சட்டகமின்றிக் கையால் எழுதிய பழைய நிரலே தூயது என ஏங்குவோர், முற்கால பி.எச்.பி.யைச் சற்று நினைத்தல் நன்று. முகவரியில் எவர் எப்பெயரை எழுதினும் அது நிரலினுள் மாறியாகப் புகுந்துவிடும் ஏற்பாடு அம்மொழியில் இருந்தது. 2002 இலேதான் அது இயல்பு நிலையிலிருந்து நீக்கப்பட்டது. முற்றாக ஒழிய 2012 வரை சென்றது.

ஆயின், பின்கதவால் அனுப்பப்பட்ட அதே பிழை முன்கதவால் மீண்டமையை அவ்வாண்டே கண்டது. றெயில்ஸ் சட்டகத்தில், படிவமொன்றிலிருந்து வரும் புலங்கள் அனைத்தையும் ஒரே வரியில் தரவுத்தளப் பதிவொன்றிற் பொருத்திவிடலாம். இவ்வசதியே அச்சட்டகத்தின் கவர்ச்சிகளுள் ஒன்று. படிவத்தில் இல்லாத புலமொன்றை ஒருவர் தாமே சேர்த்து அனுப்பினால் என்னாகும்? அதுவும் பொருந்தும். இவ்வாபத்தை ரஷ்ய இளைஞர் ஒருவர் றெயில்ஸை ஆக்குவோருக்கு எடுத்துரைத்தார். அது செயலியை எழுதுவோரின் பொறுப்பு என்பதே அவர் பெற்ற மறுமொழி. 2012 மார்ச்சில் அவர் கிட்ஹப் தளத்தில் தமது பொதுச் சாவியைத் திருத்தும் படிவத்தோடு பயனர் எண் என்னும் புலத்தையும் சேர்த்து அனுப்பினார். அதில் றெயில்ஸ் குழுவினர் ஒருவரது எண்ணை இட்டார். சேவையகம் ஐயமின்றி ஏற்றது. அவருடைய சாவி இன்னொருவரின் சாவியாயிற்று. றெயில்ஸின் மூல நிரற் களஞ்சியத்திலேயே அவர் ஒரு கோப்பினை எழுதிவைத்தார். ஏமாந்தது கற்றுக்குட்டி ஒருவரின் தளமன்று. றெயில்ஸை நன்கறிந்தோர் நடத்திய தளம் அது.

ஏற்கத்தக்க புலங்களைப் பெயர் சுட்டி அனுமதிக்க வேண்டும் என்னும் விதியை 2013 இல் வந்த நான்காம் பதிப்பு இயல்பாக்கியது. இத்துடன் வழக்கு முடிந்தது என்பாரும் உளர். முடியவில்லை. பெயர் சுட்டும் விதி எப்புலம் வரலாம் என்பதையே கூறும். எவருடைய பதிவைத் தொடலாம் என்பதைக் கூறாது. முகவரியில் 17 என்றிருப்பதை 18 என மாற்றினால் அயலாரின் மருத்துவ அறிக்கை திறந்துகொள்ளுமாயின், அங்கே சட்டகம் தன் கடமையிற் தவறவில்லை. பதினெட்டாம் பதிவைக் கேட்டனர், கொடுத்தது. அறிக்கை நோயாளிக்கும் அவருடைய மருத்துவருக்கும் மட்டும் உரியது என்பது அந்த மருத்துவமனையின் நடைமுறை. எங்கோ பொதுப்பயனுக்காக எழுதப்பட்ட சட்டகம் அதனை எவ்வாறு அறியும்? சேவையக நிரலை எழுதுபவரே அதனை ஒரு நிபந்தனையாக எழுதியாக வேண்டும். ஓவாஸ்ப் அமைப்பு 2021 இல் வெளியிட்ட இணையச் செயலிக் குறைபாட்டுப் பட்டியலில் அணுகற் கட்டுப்பாட்டின் தவறு ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியமை தற்செயலன்று. சட்டகம் தடுக்கவல்ல தவறுகள் குறையக் குறைய, அதனாற் தடுக்கவியலாதவை மேலெழுந்து நிற்பது இயல்பே.

இந்நிலையிற் கற்பித்தலைப் பற்றியும் கூறவேண்டும். ஒரே கட்டளையிற் படிவமும் பதிவும் பக்கமும் உருவாவதை முதல் நாளே காட்டி மாணவரை வியக்கவைப்பது எளிது. அம்மாணவர், உலாவியிலிருந்து சேவையகத்துக்குச் செல்வது வெறும் எழுத்துத்தொடரே என்பதையும், அதனை எவரும் கையால் எழுதி அனுப்பலாம் என்பதையும் கண்ணாற் கண்டிருப்பாரா? செயன்முறைப் பரீட்சையிற் செயலி இயங்கினால் முழுப்புள்ளி வழங்குவோர், பரீட்சகர் கையாலேயே படிவத்தில் ஒரு புலத்தைக் கூட்டியும், முகவரியில் ஓர் எண்ணை மாற்றியும் அனுப்பிப் பார்த்த பின்னர் அப்புள்ளியை இடட்டும்.