கிடை நின்றால் இனம் நிற்கும்



'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்பது நம் கரிசற் சீமையில் வழங்கிவரும் பழமொழி. ஆட்டுக்கிடையின் பயன் அவ்வாண்டுப் பயிரிலேயே தெரிந்துவிடும்; மாட்டுக்கிடையின் பயனோ மண்ணில் தங்கி அடுத்த ஆண்டு விளைச்சலில் வெளிப்படும் என்பது அதன் கருத்து. எருவின் குணத்தை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த நம் உழவர் சமுதாயம், அந்த எருவைத் தரும் மந்தை தன் கண் முன்னே குறைந்து வருவதைக் கவனியாதிருப்பது வருந்தத்தக்கது. இதுபற்றி நம் எண்ணத்தைச் சங்க அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறோம்.

மதுரை, சிவகங்கை, விருதுநகர், தேனி ஆகிய மாவட்டங்களில் 'கிடைமாடு' என்று வழங்குவது பெரும்பாலும் புலிக்குளம் இனமே. சிவகங்கை மாவட்டத்திலுள்ள புலிக்குளம் என்னும் ஊரால் அது பெயர் பெற்றது. பளிங்கு மாடு, மணி மாடு, ஜல்லிக்கட்டு மாடு என்ற பெயர்களும் அதற்கு உண்டு. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் பதிவு செய்துள்ள இந்திய மாட்டினங்களுள் இதுவும் ஒன்று. உடல் சிறிது, கட்டு உறுதி, காளையின் திமில் பெரிது. இம்மாட்டுக்குத் தொழுவம் கிடையாது. பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் கிடையாது. பகலெல்லாம் மேய்ந்து, இரவில் யாரேனும் ஓர் உழவரின் வயலில் திறந்த வெளியில் படுக்கும். அயலாரைக் கண்டால் மிரளும். தன் மேய்ப்பரின் குரலுக்கு மட்டுமே அடங்கும். பாதி காட்டு வாழ்வும் பாதி வீட்டு வாழ்வும் கலந்த பிராணி இது என்று சொன்னால் மிகையாகாது.

கிடையின் ஒழுங்கு நம் அங்கத்தினர் ஊன்றி நோக்கத் தக்கது. ஒரே கிடையில் பல வீட்டாரின் மாடுகள் சேர்ந்து நிற்பதுண்டு. ஒவ்வொருவரும் தம் மாட்டை அடையாளத்தால் அறிவர். மேய்ப்பதும் காப்பதும் பொதுவாக நடைபெறும். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறப்பதற்கு மிக முன்னரே கூடி வாழும் முறையை நம் கிடைக்காரர் கைக்கொண்டிருந்தனர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

இம்மாட்டின் பால் பெரும்பாலும் கன்றுக்கே போதும். ஆதலின் கிடைக்காரரின் வருவாய், வயலில் கிடை போட்டதற்கான கூலி, அள்ளி விற்கும் சாணம், விற்கும் கன்று ஆகிய மூன்றிலிருந்தே வரவேண்டும். இவற்றுள் கிடைக்கூலி உழவர் கையில் இருக்கிறது. தொழுவில் கட்டிய மாட்டின் சிறுநீரில் பெரும்பகுதி வீணாகிறது. தழைச்சத்தும் சாம்பல் சத்தும் அதனோடு போய்விடுகின்றன. கிடையிலோ சாணமும் சிறுநீரும் நேரே மண்ணில் சேர்கின்றன. அள்ளும் கூலி இல்லை. வண்டி வாடகை இல்லை. பரப்பும் வேலையும் இல்லை.

இத்துணை நன்மை இருந்தும் கிடை ஏன் குறைகிறது? முதற் காரணம் மேய்ச்சல் இடம் சுருங்கியது. கண்மாயின் உள்வாயிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் சீமைக்கருவேல் மண்டிவிட்டது. எஞ்சிய இடங்களில் ஒரு பகுதி மனைக்கட்டுகளாயிற்று. இரண்டாவது காரணம், மேய்க்க ஆள் இல்லாமை. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளிலும் அச்சகங்களிலும் வேலைக்குப் போனால் வாரந்தோறும் கூலி கைக்கு வரும். மழையிலும் வெயிலிலும் மாட்டோடு நடப்பவனுக்கு வார விடுமுறை இல்லை. பெண் கொடுப்போரும் யோசிக்கின்றனர். ஆலைக்குப் போகும் இளைஞரைக் குறை கூறுவது நியாயமன்று.

மூன்றாவது காரணம் காட்டைப் பற்றியது. நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமும் அமைந்தன. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டு வனங்கள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்தது. அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றின் அளவுக்குக் குறைத்தது. மற்ற மாவட்டத்தாருக்கு அத்திருத்தம் ஆறுதல் அளித்திருக்கலாம். நம் மலையடிவாரமோ சரணாலயமும் காப்பகமுமாகவே இருப்பதால், வத்திராயிருப்பு முதல் இராஜபாளையம் வரையுள்ள கிடைக்காரருக்கு அதனால் பெரும் பயன் விளையவில்லை. புலியும் வாழ வேண்டும். வைப்பாற்றுக்கும் வைகைக்கும் நீர் தரும் மலைகளும் காக்கப்பட வேண்டும். ஆனால் வனத்தின் வாயிலை அடைக்கும்போது வெளியே மேய இடம் உண்டா என்று பார்க்க வேண்டியதும் நீதியே.

'இனம் அழியாது, அரசுப் பண்ணையில் சில மாடுகளை வைத்துக் காத்தால் போதும்' என்று கூறுவோர் உளர். 'ஜல்லிக்கட்டு இருக்கும்வரை இந்த இனத்துக்கு அச்சமில்லை' என்பாரும் உளர். இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 2023 மே மாதத்தில் அச்சட்டம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இதனால் காளைக் கன்றுக்கு விலை ஏறியது உண்மையே. ஆனால் வாடிவாசலில் பாயும் காளை வாடிவாசலில் பிறப்பதில்லை. அது கிடையிலுள்ள பசுவின் வயிற்றில் பிறந்து, தாயின் பின்னே பல காதம் நடந்து உரம் பெற்றது. காளையை வாங்குவோர் ஒரு கன்றுக்கு விலை தருவர். நூறு பசுக்களுக்குப் புல் தரமாட்டார். நல்ல கன்றெல்லாம் விலை போய்விட்டால் மந்தையில் பொலிகாளையாக நிற்பது எது?

பண்ணையில் அடைத்துக் காப்பதும் இவ்வாறே குறையுடையது. புலிக்குளம் மாட்டின் சிறப்பு அதன் நிறத்திலும் கொம்பிலும் மட்டும் இல்லை. வறண்ட தாளைத் தின்று, குறைந்த நீரைக் குடித்து, நெடுந்தூரம் நடந்து, மந்தையாக வாழும் இயல்பே அதன் மரபு. கட்டுத்தறியில் தீவனம் தின்று சில தலைமுறை வாழ்ந்தால் உருவம் எஞ்சும். இயல்பு எஞ்சுமா என்பது ஐயமே.

அயல்நாட்டார் அனுபவமும் இதையே காட்டுகிறது. போர்ச்சுக்கல் நாட்டின் சொராயா ஆற்றுப் பகுதியில் பழமையான சாயலுடைய ஒருவகைக் குதிரை திறந்த வெளிகளில் மந்தையாக வாழ்ந்துவந்தது. ரூய் தி ஆந்திராதே என்னும் அறிஞர் 1920-ஆம் ஆண்டளவில் அதனைக் கண்டறிந்தார்; 1937-இல் காப்பு மந்தை ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவர் சேர்த்தவை ஏறத்தாழ ஒரு டஜன் குதிரைகளே. இன்றும் அவ்வினத்தில் சில நூறே உள்ளன. நெருங்கிய இரத்தக் கலப்பு அவற்றைத் தொடர்ந்து வாட்டுகிறது. நூற்றுக்கணக்கில் இருந்தபோது காப்பது எளிது. பன்னிரண்டில் தொடங்கினால் தலைமுறைதோறும் அதற்கு வட்டி கட்ட வேண்டும்.

அப்போர்ச்சுக்கீசியர் வந்து சென்ற யாழ்ப்பாணத்து நெடுந்தீவிலும் குதிரைகள் காட்டில் திரிகின்றன. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை என்பர். வளர்த்தவர் போயினர், வேலை போயிற்று, உடையவரும் இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் குடிக்க நீரின்றிக் குதிரைகள் மடிந்த செய்தி பலமுறை வந்திருக்கிறது. யாருக்கும் பயன்படாத மந்தையை இரக்கம் ஒன்றே காக்க முடியவில்லை.

இங்கிலாந்தின் நியூ பாரஸ்ட் என்னும் பொதுவெளியிலோ நிலை வேறு. அங்கும் மட்டக்குதிரைகள் காட்டில் தம் விருப்பம்போல் திரிகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உடையவர் உண்டு. மேய்ச்சல் உரிமையுள்ள குடிகள் ஆண்டுதோறும் தலைக்கு இவ்வளவென்று கட்டணம் செலுத்துவர். செலுத்தியதற்கு அடையாளமாகக் குதிரையின் வால் மயிரைக் கத்தரிப்பர். எந்த ஆண்குதிரையை எத்தனை நாள் மந்தையில் விடுவது என்பதற்கும் விதி உண்டு. 1877-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மன்றம் இவற்றையெல்லாம் மேற்பார்க்கிறது. உரிமை, கட்டணம், பதிவேடு, பொது விதி ஆகிய நான்கும் கூட்டுறவாளருக்குப் பழகியவை அல்லவா?

ஆகவே நம் சங்கங்கள் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, கிடைப் பதிவேடு. ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் தை மாதத்திலேயே தன் அங்கத்தினரிடம் யாருக்கு எத்தனை இரவு கிடை வேண்டும் என்று எழுதி வாங்கலாம். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்ததும் எவ்வூரிலிருந்து எவ்வூருக்குக் கிடை நகர வேண்டும் என்பதை அண்டைச் சங்கங்கள் கூடி முடிவு செய்யலாம். கூலியைச் சங்கத்தின் வழியே கொடுத்தால் கிடைக்காரருக்கு முன்பணமும் கிட்டும், கணக்கும் நிற்கும். இதில் நன்கொடை எதுவும் இல்லை. பெற்ற எருவுக்கு விலை கொடுக்கிறோம்.

இரண்டாவது, பயிர்க்கடனில் உரத்துக்கென ஒதுக்கும் பகுதியில் கிடைக்கூலியும் இடம்பெற வேண்டும். மூட்டை உரத்துக்குக் கடன் உண்டு, மாட்டெருவுக்கு இல்லை என்ற நிலையில் உழவர் எதை நாடுவர் என்று சொல்ல வேண்டியதில்லை. மாவட்ட அளவில் கடன் அளவு நிர்ணயிக்கும் குழுவின் முன் சங்கங்கள் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, கிடைக்காரருக்கென்று தனிச் சங்கம். உழவர் கடன் அட்டை வசதி 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் உரியதாயிற்று. எனினும் ஊர் ஊராய் நடப்பவர் தனித்தனியே வங்கிப் படி ஏறுவது எளிதன்று. சங்கமாகச் சேர்ந்தால் கடனும் மருத்துவமும் தேடி வரும். பொலிகாளைப் பதிவேடு ஒன்றை அச்சங்கம் பேண வேண்டும். தன் மகளான கிடாரியோடு ஒரு காளை சேராதபடி கிடைக்குக் கிடை காளை மாற்றிக்கொள்வதும், தலைசிறந்த கன்றை விற்காமல் மந்தையில் நிறுத்தி அதற்கு ஈட்டுத்தொகை தருவதும் அதன் கடமைகளாகும்.

நான்காவது, மேய்ச்சல் உரிமை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நிலைத்து வாழ்வோர், இடம்பெயர்வோர் ஆகிய இருசாராரின் மேய்ச்சலையும் சமுதாய உரிமையாகக் கூறுகிறது. ஆனால் பழங்குடியினர் அல்லாதார் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வனத்தைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். மனு கிராம சபையிலிருந்து தொடங்க வேண்டும். பத்திரம் எழுதிப் பழகாத கிடைக்காரருக்குச் சங்கச் செயலாளர் ஒருவரின் பேனா பெருந்துணையாக இருக்கும். ஊர்ப் புறம்போக்கில் சீமைக்கருவேலை அகற்றி மேய்ச்சலுக்கு விடவும் அதே கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம்.

காலமும் இதற்கு இசைவாக உள்ளது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் மேய்ச்சல் சமூகத்தாரின் கால்நடைகளைத் தனியே கணக்கிட முதன்முறையாக வகை செய்யப்பட்டது. 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போருக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது. அறிவிப்புகள் வயலுக்கு வந்து சேர்வது ஊர்ச் சங்கத்தின் வழியாகவே.

'எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாள அங்கத்தினர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அருங்காட்சியகத்தில் ஒரு தறியை நிறுத்தி வைத்தால் நெசவு பிழைத்ததாகாது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? 1935-இல் தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர்க்கு மாநிலச் சங்கம் எழுந்தபோது அது தறிக்குக் கோயில் கட்டவில்லை. நூலுக்கு வழி செய்தது, துணிக்குச் சந்தை தேடியது. தறி ஓடியதால் கைவண்ணம் நின்றது. மாட்டினத்துக்கும் நியதி அதுவே. கிடைக்கு வேலையும் கூலியும் வழியும் இருந்தால் இனம் தானே நிற்கும்.

வரும் தை மாதத்து நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கிடைப் பதிவேட்டை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு குறிப்பேடு, ஒரு பேனா, பத்து அங்கத்தினரின் கையொப்பம் — தொடங்குவதற்கு இவை போதும்.