தமிழ்ச் சான்றிதழில் நான் போட்ட கையெழுத்து

நேற்று இரவு எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும் போட்டுவந்த டீச்சருக்கு என்ன ஆச்சு என்று சிலர் போன் செய்து கேட்டார்கள். அங்கே பாதியில் நிறுத்தியதை இங்கே முழுதாக எழுதுகிறேன். பதிவு நீளம். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கை பேத்திக்கு 17 வயது. ஆளாகி நான்கு வருடம் ஆகியும் மாதவிடாய் மூன்று மாதம், நான்கு மாதம் என்று தள்ளிப் போனது. முகத்தில் ரோமம் வேறு. மருத்துவர் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து பிசிஓஎஸ் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. அப்புறம் அவள் அம்மா போனுக்கு ஒரு செய்தி வந்தது. நீர்க்கட்டியைக் கரைக்கும் பொடியாம், நர்சிங் ஆய்வில் நிரூபிக்கப்பட்டதாம். கூடவே ஆங்கிலத்தில் ஆய்வுச் சுருக்கம் என்று ஒரு பக்கம், அட்டவணையோடு. மாத்திரையை நிறுத்திப் பொடியை ஆரம்பித்தார்கள். ஐந்து மாதம் மாதவிடாய் வரவே இல்லை. வந்தபோது நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஹீமோகுளோபின் 6. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள்.

கருமுட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், பிறகு மொத்தமாக உதிரும் என்று அங்கிருந்த நர்ஸ் பெண் எனக்கு விளக்கினாள். மருத்துவர் கொடுத்த மாத்திரை அதைத்தான் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ரிசர்ச்லயே போட்டிருக்கேன்னுதான் பெரியம்மா குடுத்தேன்" என்று என் தங்கை மகள் அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு.

நர்சிங் கல்லூரி ஆய்வேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நோயாளிகளிடம் கேட்கும் வினாத்தாளும் ஒப்புதல் படிவமும் தமிழில் இருக்கும். அந்தத் தமிழ் சரியாக இருக்கிறது என்று ஒரு ஆசிரியர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். நான் வெறும் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான், ஆனால் 'ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்' என்ற ரப்பர் ஸ்டாம்பு வைத்திருக்கிறேன். சந்திப்பிழை திருத்துவேன், 'மாதவிலக்கு' என்பதை 'மாதவிடாய்' ஆக்குவேன், கையெழுத்துப் போடுவேன். ஒரு காபி கொடுத்து அனுப்புவேன். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தேனே தவிர, அந்த ஆய்வு செய்யும் முறையை ஒரு நாளும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, வீட்டில் கிடந்த பழைய நகல்களை எடுத்து வைத்துப் படித்தேன்.

இந்த மாதிரி ஆய்வுகளில் நான் பார்த்த அமைப்பு இது. பிசிஓஎஸ் உள்ள முப்பது நாற்பது பெண்கள். முதல் நாள் ஒரு மதிப்பீடு. பிறகு வெந்தயமோ பட்டையோ யோகாவோ சில வாரம். கடைசியில் மறுபடி மதிப்பீடு. மதிப்பெண் கூடியிருக்கும். 'பி மதிப்பு 0.05க்குக் கீழே, ஆகவே பயனுள்ளது' என்று முடித்துவிடுவார்கள். பொடி சாப்பிடாத பெண்களுக்கு அதே சில வாரத்தில் என்ன ஆனது? பல ஆய்வுகளில் அப்படி ஒரு குழுவே கிடையாது.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்கு என் சொந்த வண்டவாளம் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஏழாம் வகுப்பு 'அ' பிரிவு எடுத்தபோது காலாண்டில் தேறாத 12 பிள்ளைகளுக்கு தினமும் வல்லாரைக் கீரை கொடுத்தேன். அரையாண்டில் 9 பேர் தேறினார்கள். ஊரெல்லாம் பெருமை பேசினேன். பக்கத்து 'ஆ' பிரிவு சார் ஒரு நாள் சிரித்துக்கொண்டே மதிப்பெண் பதிவேட்டைக் காட்டினார். அவர் வகுப்பிலும் தேறாதவர்களில் முக்கால்வாசி தேறியிருந்தார்கள். அங்கே வல்லாரை இல்லை, ஒன்றும் இல்லை. ரொம்ப மோசமாக எழுதிய பிள்ளை அடுத்த முறை கொஞ்சம் நன்றாக எழுதுவது வழக்கம்தான். ரொம்பத் தள்ளிப்போன மாதவிடாய் அடுத்த முறை கொஞ்சம் சீக்கிரம் வருவதும் அப்படித்தான். அதிலும் ஆளான முதல் இரண்டு மூன்று வருடம் முறையில்லாமல் வருவதும், பிறகு தானாகச் சீராவதும் ஏராளமான பிள்ளைகளுக்கு நடப்பது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்று 2023 சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அவர்களையே பிடித்துப் பொடி கொடுத்தால் பொடி ஜெயிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு சின்னக் கணக்கு. 35 நாளைத் தாண்டி மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு 28 நாள் கஷாயம் கொடுத்து, சுழற்சி சீரானது என்று எப்படி எழுத முடியும்? ஒரு சுற்றே முடியவில்லையே! இதை வழிகாட்டிப் பேராசிரியர் கேட்கவில்லை, தேர்வாளர் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கும்.

அளக்கிற விதமும் முக்கியம். 2010இல் வெளியான ஸ்பியர்மின்ட் புதினா டீ ஆய்வு ஒன்று உண்டு. இதை நல்ல முறையில்தான் செய்தார்கள். 42 பெண்கள், குலுக்கல் முறையில் இரண்டு குழு, ஒன்றுக்கு அந்த டீ, மற்றதற்கு வேறு மூலிகை டீ, 30 நாள். ஆண் ஹார்மோன் அளவு குறைந்தது. முடி குறைந்ததாகப் பெண்களும் சொன்னார்கள். ஆனால் முடியை மதிப்பிடும் அளவுகோலில் பார்த்தால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நம் யூடியூப் அக்காக்கள் முதல் இரண்டைச் சொல்வார்கள், மூன்றாவதைச் சொல்ல மாட்டார்கள். கேட்பவர் விரும்பும் பதிலைச் சொல்வது மனித இயல்பு. இன்ஸ்பெக்ஷன் அன்று எங்கள் பிள்ளைகள் பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை தூக்குவார்கள். அதிகாரி கண்ணுக்கு எல்லாக் கையும் ஒன்றுதான்.

ஆங்கில மருந்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் கிளம்புவீர்கள். அவர்கள் மருந்தையும் இதே தராசில்தான் நிறுத்தார்கள். 2007இல் அமெரிக்காவில், குழந்தைக்காகக் காத்திருந்த 626 பிசிஓஎஸ் பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். மெட்ஃபார்மின் மீது அப்போது பெரிய நம்பிக்கை. கடைசியில் குழந்தை பெற்றவர்கள் க்ளோமிஃபின் குழுவில் 22.5 சதவீதம், மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதம். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 26.8. கருமுட்டை வெளிவருவது இந்தக் கூட்டில் நன்றாகவே கூடியது. ஆனால் குழந்தை என்று எண்ணினால், க்ளோமிஃபினை விட இது மேல் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஹார்மோன் இறங்கியது, கட்டி சுருங்கியது என்ற பேச்செல்லாம் இடைவழிக் கணக்கு. அந்தப் பெண் எதற்காக வந்தாளோ அது நடந்ததா என்பதுதான் கேள்வி.

சீனாவிலும் பாருங்கள். அக்குபஞ்சர் அவர்கள் நாட்டுப் பெருமை. 21 மையங்களில் 1000 பெண்களை வைத்துச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மை அக்குபஞ்சர் குழுவில் குழந்தை பெற்றவர்கள் 21.8 சதவீதம், பேருக்குக் குத்திய குழுவில் 22.4 சதவீதம். பலன் இல்லை என்று அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

நம்மாலும் முடியும். ஆந்திராவில் ஒரு விடுதிக் கல்லூரியில் 90 வளரிளம் பெண்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவுக்கு 12 வாரம் யோகா கொடுத்தார்கள். மற்றவர்களைச் சும்மா விடவில்லை, அதே நேரத்துக்கு உடற்பயிற்சி கொடுத்தார்கள். யோகா குழுவில் ஹார்மோன்களும் மாதவிடாயும் அதிகமாகச் சீராயின, உடல் எடையில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. இல்லாததை இல்லை என்று எழுதினார்கள் பாருங்கள், அதனால்தான் இருப்பதாகச் சொன்னதையும் நான் நம்புகிறேன். ஆனாலும் விடுதியில் மணியடித்து எழுப்பிச் செய்யவைத்தது வீட்டில் நடக்குமா என்பது தனிக் கேள்வி.

நர்சிங் படிக்கும் பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து அட்டவணை போடுகிறார்கள். நோயாளி எதனால் மாத்திரையை நிறுத்துகிறாள், யார் சொல்லி நிறுத்துகிறாள் என்பது மருத்துவரை விட நர்சுக்குத்தான் தெரியும். அதை எண்ணிக்கையோடு ஆராய்ந்தால் எவ்வளவு பிரயோஜனம்! அந்தப் பிள்ளைகளைச் சில வாரத்தில் ஒரு பொடியை ஜெயிக்கவைத்துவிட்டு வா என்று அனுப்புகிறவர்கள் மீதுதான் என் கோபம். அந்தக் காகிதத்தைத்தான் வியாபாரி போட்டோ எடுத்து 'நிரூபணம்' என்று விற்கிறான்.

போன வாரம் ஒரு பிள்ளை வந்தாள். "டீச்சர், தமிழ் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, நாளைக்கு சப்மிஷன்" என்றாள். ஒப்பீட்டுக் குழு எங்கே என்று கேட்டேன். முழித்தாள். எத்தனை பேர் பாதியில் விட்டுப்போனார்கள், பொடி யார் செலவு என்றும் கேட்டேன். வழிகாட்டி மேடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறாள். இனி என்னிடம் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குப் பதிலோடு வரவும். காபி வழக்கம்போல் உண்டு.

பேத்திக்கு இப்போது ஹீமோகுளோபின் 9.8. மாத்திரை திரும்பத் தொடங்கியாயிற்று. பின்னூட்டத்தில் பொடி விளம்பரம் போடுபவர்களை பிளாக் செய்துவிடுவேன்.